கடல் தாண்டிப் போய்க் களை பறிக்கலாமா?

அம்மிணி, உன் கேள்வி வந்தப்ப நான் கொழிஞ்சாம்பாறையில எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தேன். அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்து பத்து நாளாச்சு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மார்கழிக்கு எப்படி அடிக்கும்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல, தென்னையெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு நிக்குது.

மாசசூசெட்ஸுக்கு வந்து மூணு மாசம்தான் ஆச்சு, வீட்டுக்காரர் வேலைக்குப் போனா வீடு வெறிச்சுனு கிடக்குதுன்னு எழுதியிருந்த. பக்கத்துல ஒரு பண்ணை இருக்குது, அதுகூடவே ஒரு காடும் பாதுகாப்புல இருக்குது, இலாப நோக்கம் இல்லாத அமைப்பு நடத்துது, தன்னார்வலர் வேணும்னு போர்டு வெச்சிருக்காங்க, போகலாமான்னு கேட்டிருக்க. விசாவுக்கு ஆபத்து வருமா, தடுமாறுற இங்கிலீஷை வெச்சுட்டு எப்படிப் போறது, ஊர்ல என்ன நினைப்பாங்கங்கிறதுதான் உன் மூணு பயம்.

விசாவை முதல்ல சொல்லீர்றேன். நீ இருக்கறது எச்-4, அதாவது வேலை விசாவுல போனவரோட குடும்பத்துக்குத் தர்ற விசா; வேலை அனுமதி அட்டை இன்னும் கையில இல்ல. 501(சி)(3)-ங்கிற வரிவிலக்குப் பதிவுள்ள தொண்டு அமைப்புல, யாரா இருந்தாலும் சும்மா வந்து செய்யற மாதிரியான வேலையை, எந்தக் கைம்மாறும் வாங்காம செஞ்சா பொதுவா தடையில்ல. அதே இடத்துல சம்பளத்துக்கு ஆள் வெச்சு செய்யற வேலையை நீ இலவசமா செஞ்சா அது சிக்கல். இன்னொண்ணு, இது நிறையப் பேருக்குத் தெரியாது: சில பண்ணைகள்ல வாரம் இத்தனை மணி நேரம் உழைச்சா ஒரு பெட்டி காய்கறி பதிலுக்குக் குடுப்பாங்க. ஆசையா இருக்கும், வேண்டாம். காசு கைமாறலைன்னாலும் அது கூலிதான். உதவித்தொகை தர்ற பயிற்சியும் அப்படித்தான். "நான் தன்னார்வலரா மட்டும் வர்றேன், எதுவும் வாங்க மாட்டேன்"னு முதல் நாளே எழுதிக் குடுத்துரு. வீட்டுக்காரர் கம்பெனி வக்கீல்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. குழந்தைகளோட இருக்கற வேலைன்னா அந்த மாநிலத்துல கோரி-ங்கிற குற்றப் பதிவுச் சோதனை உண்டு. எல்லாருக்கும் உள்ளதுதான், படிவத்தைப் பார்த்து மிரண்டுராத.

அடுத்தது உங்கம்மா. நேத்து சாயங்காலம் வேலந்தாவளம் சந்தையில இருந்து வர்ற வழியில நம்ம வீட்டுக்கு வந்தாங்க. காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள கேட்டுட்டாங்க: "ஏனுங் அம்மிணி, நாலு ஏக்கரைக் குத்தகைக்கு உட்டுப்போட்டுப் புள்ளைய அனுப்பிச்சிருக்கறோம். அவ அங்க போயி கூலியில்லாம களை பறிக்கோணுமா?"

எனக்குச் சட்டுனு பதில் வரல. ஏன்னா அதே கேள்வி எனக்கும் இருந்துச்சு. இந்தத் திண்ணையில வளர்ந்த நான் ஊர்ல ஒரு நாள்கூடக் களைக்கொத்துப் பிடிச்சதில்ல. கடலைக்காட்டுல குனிஞ்சு நின்னவங்க வேற வீட்டுப் பொம்பளைங்க. அம்மாயி வரப்புல குடை பிடிச்சு நின்னு ஆள் எண்ணுவாங்க, நான் அவங்க பக்கத்துல நிப்பேன். என் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு பாத்தி வெங்காயத்துக்குக் களை எடுத்தது பாஸ்டனுக்கு மேற்கால ஒரு பண்ணையில, முப்பத்தோரு வயசுல. மூணு மணி நேரத்துல இடுப்பு நிமிரல. அன்னைக்கு ராத்திரி எனக்கு நெனப்பு வந்தது எங்க காட்டுல களை எடுத்த அந்தப் பொம்பளைங்கதான். அவங்க பேர் ரெண்டு மூணுதான் எனக்குத் தெரியும்ங்கறது அப்பத்தான் உறைச்சுது. இந்தத் தடவை லீவுல அவங்கள்ல ஒருத்தரைத் தேடிப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். கை ரெண்டும் காய்ச்சுக் கிடக்குது.

இதை உங்கம்மாகிட்ட நேரா சொல்லத் தயங்கி, வேற மாதிரி சொன்னேன். 2015-ல இருந்து 2020 வரைக்கும் கேரளா முழுக்கக் கட்டங்கட்டமாப் பிரிச்சுப் பறவை எண்ணினாங்க, கேரளப் பறவை வரைபடம்னு பேரு. ஆயிரம் பேருக்கு மேல சும்மா வந்து நடந்தவங்கதான். நம்ம மாநிலத்துலயே இது இருக்குதுங்கன்னேன். "அப்படியா"ன்னு கேட்டுக்கிட்டாங்க. முழு மனசோட இல்ல, ஆனா கேட்டுக்கிட்டாங்க.

அங்க இந்த மாதிரி இடங்கள் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா உனக்குப் போறதுக்குத் தைரியம் வரும். 1896-ல பாஸ்டன்ல ஹேரியட் ஹெமன்வே, மின்னா ஹால்னு ரெண்டு பொம்பளைங்க. அப்ப தொப்பியில இறகு வெக்கறது நாகரிகம், அதுக்காகக் கொக்கு இனத்தையே கொன்னுக்கிட்டிருந்தாங்க. இவங்க ரெண்டு பேரும் பணக்கார வீட்டுப் பொம்பளைங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சு, இறகுத் தொப்பியை விடுங்கன்னு பேசினாங்க. அதுல பிறந்ததுதான் மாஸ் ஆடுபோன்ங்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. இன்னைக்கு லிங்கன் ஊர்ல அவங்க நடத்துற டிரம்லின் ஃபார்ம், பயிர் விளையற பண்ணையாவும் காட்டுயிர்ப் புகலிடமாவும் ஒண்ணா இருக்குது. நீ பார்த்த இடமும் இந்த வகைதான். அரசாங்கம் நடத்துறதில்ல. நுழைவுக் கட்டணம், நன்கொடை, விளைச்சல் விக்கிற காசு, இதுகூட உன்னை மாதிரி ஆளுங்களோட சனிக்கிழமை. அதனாலதான் போர்டு வெச்சுக் கூப்பிடுறாங்க.

வேலைன்னா களை மட்டும் இல்ல. நடைபாதைக்கு மரச்சீவல் கொட்டறது, அன்னியச் செடியைப் பிடுங்கறது (நம்ம காட்டுல உண்ணிச்செடி பரவினாப்புல அங்க பூண்டு வாசனையோட ஒரு கடுகுச்செடி பரவும்), அறுவடைத் திருவிழாவுக்குப் பூசணி சுமக்கறது. அறுவடை முடிஞ்ச வயல்ல விட்டுப்போன காயைப் பொறுக்கி இல்லாதவங்களுக்கு அனுப்பறதும் உண்டு. கடலைக்காய் பறிச்ச காட்டுல நம்ம ஊர்ப் பிள்ளைங்க விட்டுப்போன காய் பொறுக்குமே, அதேதான். ஆனா எடை போட்டு வண்டியில ஏத்தற வரைக்கும் ஒழுங்கா நடக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பிப்ரவரிக் கடைசியில மேப்பிள்ங்கற மரத்தோட நீரை எடுத்துக் காய்ச்சற மேப்பிள் பாகு நாள். ராத்திரி தண்ணி உறையணும், பகல்ல உருகணும், அப்பத்தான் மரத்துல நீர் ஓடும். மரத்துல சின்னதாத் துளை போட்டு, நீர் வடியறதுக்குக் குழாய் மூக்கு மாட்டி வாளி தொங்கவிடுவாங்க. அந்த நீரைக் குடிச்சுப் பார்த்தேன், தண்ணி மாதிரியே இருந்துச்சு, இனிப்பு நாக்கு நுனியில வந்ததும் தெரியல போனதும் தெரியல. நாப்பது லிட்டர் காய்ச்சினா ஒரு லிட்டர் பாகு. கொதிகலன் பக்கத்துல ஆவியில நிக்கும்போது எனக்கு இங்க பனங்காட்டுல பதநி காய்ச்சற அடுப்பு வாசனை அடிச்சுது, தொண்டை அடைச்சுப்போச்சு. பாலக்காட்டுச் சித்தூர்த் தாலூக்காக்காரங்க நாம, கேரளாவுக்கே கள்ளு இங்க இருந்துதானே போகுது. பாளை சீவறது, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவினா கள்ளாகாம பதநியாவே நிக்கறது, அதைக் காய்ச்சிச் சிரட்டையில ஊத்திக் கருப்பட்டி எடுக்கறது, எல்லாத்தையும் பக்கத்துல நின்ன ஒரு பெரியவர்கிட்ட அரைகுறை இங்கிலீஷ்ல சொன்னேன். அவர் அடுப்பை விட்டுட்டு என்கிட்டயே கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டார். அடுத்த வருஷம் வந்த பிள்ளைங்களுக்கு அதைச் சொல்லச் சொல்லி என்னையே நிறுத்துனாங்க. இங்க இருந்து ஒரு கருப்பட்டி வில்லை கொண்டுபோயிருந்தேன், பொடிச்சு ஆளுக்கு ஒரு கிள்ளு குடுத்தேன். உன் இங்கிலீஷ் பயத்துக்கு என்கிட்ட இருக்கற பதில் இதுதான். ஆளுக்கொரு பாத்தியில பக்கம் பக்கமாக் குனிஞ்சு நிக்கும்போது பேச்சு தானா வரும். மூஞ்சியைப் பார்த்துப் பேச வேண்டியதில்ல, நடுவுல நிறுத்தினாலும் யாரும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க.

ஆனா ரெண்டு விஷயத்துல கவனமா இரு. ஒண்ணு உண்ணி. ஆட்டு மேல பார்த்திருப்ப, அங்க மான் உண்ணி மனுசனையும் கடிக்கும், லைம் நோய் வரும். குட்டி உண்ணி ஒரு கசகசா அளவுதான். முழுக்கால் பேண்ட்டைச் சாக்ஸுக்குள்ள சொருகிக்கோ, வெளிர் நிறமாப் போடு. வீட்டுக்கு வந்ததும் குளிச்சு, முழங்கால் மடக்கு, அக்குள், தலைமயிர் ஓரம் எல்லாம் தடவிப் பாரு. இருந்தா இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழு. அப்புறம் வட்டமாச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே டாக்டரைப் பாரு.

இன்னொண்ணு பாய்சன் ஐவிங்கற கொடி. ஒரு காம்புக்கு மூணு இலை. நமக்கு மூணு இலைன்னா வில்வம், கும்பிட்டுப் பறிப்போம். என் முதல் வேனில்ல வேலியில ஏறியிருந்த அந்தக் கொடியை வெறுங்கையோட இழுத்துப் போட்டேன். ரெண்டு வாரம் முழங்கை வரைக்கும் கொப்புளம், சோறு பிசைய முடியல. கையுறை வாங்கிக்கோ, டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னும் பார்த்து வெச்சுக்கோ.

இப்ப டிசம்பர்ல பண்ணையில வேலை குறைவு. நாலரைக்கெல்லாம் இருட்டீரும், அந்த இருட்டுல வீட்டுக்குள்ளயே கிடக்காத. ஜனவரி 5 வரைக்கும் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1900-ல ஃபிராங்க் சாப்மன்ங்கிற பறவை ஆய்வாளர் ஆரம்பிச்சது. புதுசா வர்றவங்களைத் தெரிஞ்சவங்களோட சேர்த்துதான் அனுப்புவாங்க, பேர் குடு. பிப்ரவரியில தன்னார்வலர் அறிமுகக் கூட்டம் எப்பன்னு பண்ணையில கேட்டு வை.

நான் ஜனவரி 20-ம் தேதி திரும்பீருவேன். உன் வீடு எங்க வீட்ல இருந்து நாப்பது நிமிஷம்தான். மார்ச் கடைசியிலயோ ஏப்ரல்லயோ குளிர் விட்ட முதல் மழை ராத்திரி, மண்ணுக்குள்ள இருந்த சாலமாண்டர் வெளிய வரும். பல்லி மாதிரி உருவம், கருப்பு உடம்பு, மஞ்சள் பொட்டு. கோடையில வத்திப்போற குட்டையில மீன் இருக்காதுன்னு அதைத் தேடி முட்டையிடப் போகும், நடுவுல தார் ரோடு. கார்ச் சக்கரத்துல சிக்காம நாங்க டார்ச்சோட நின்னு, ஈரக் கையில ஒவ்வொண்ணா எடுத்து, அது போற திசையிலயே அக்கரையில விடுவோம். எந்த ராத்திரின்னு முன்கூட்டியே சொல்ல முடியாது, சாயங்காலம் மழையைப் பார்த்துட்டுத்தான் உனக்குப் போன் பண்ணுவேன். ரப்பர் பூட்ஸும் தலை மூடற மழைக்கோட்டும் வாங்கி வை. கையில கிரீம் எதுவும் தடவாம வா, அதுக்கு ஆகாது.