கோரிடோராஸ் மீன் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குவது நோயா?

இரண்டு கோரிடோராஸ் வளர்ப்பதாகவும், அவை திடீரென மேலே பாய்ந்து காற்றை விழுங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்தக் குட்டிக் கெளுத்திகள் விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாகவும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். ஓயாமல் மேலே போனால் மட்டும் தண்ணீர் சரியில்லை என்று பொருள். கொஞ்சம் தண்ணீரை மாற்றி, ஏர் பம்ப் போடுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த ‘இரண்டு’தான். இவை கூட்டமாக வாழ்பவை. ஒரே இனத்தில் குறைந்தது 6 மீன்களாவது வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் பதுங்கியே கிடக்கும். அப்புறம், கூரான கற்களை எடுத்துவிட்டு மெல்லிய மணல் பரப்புங்கள். மூக்கைப் புதைத்து, மணலைச் செவுள் வழியாகத் தள்ளும் அழகை அப்போதுதான் பார்க்கலாம், மீசையும் புண்ணாகாது. ‘தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்’ என்று கடையில் சொன்னதை நம்பிப் பட்டினி போட்டுவிடாதீர்கள். அடியில் மூழ்கும் தீனி தனியாகப் போட வேண்டும்.