ஆஞ்ச்: அடுத்து எந்த ஆல்பம்?

பிரெஞ்சு தெரியாமல் ஆஞ்ச் என்ற பிரெஞ்சு புரோகிரெசிவ் ராக் குழுவின் முதல் ஆல்பமான ‘காரிகாத்யூர்’ கேட்டீர்கள், பாட்டை விடக் கத்தல்தான் காதில் விழுந்தது என்கிறீர்கள். சரி, அதை அப்படியே வைத்துவிட்டு நேராக 1974இல் வந்த ‘ஓ-தெலா து தெலீர்’ ஆல்பத்துக்குப் போங்கள். இடைக்காலக் குடியானவன் ஒருவனைச் சுற்றிய கதை, வயலினோடு தொடங்கும், பாடகர் கிறிஸ்தியான் தெகாம் முணுமுணுப்பதும் சீறுவதும் எந்த இடத்தில் ஏன் என்று மொழி தெரியாமலேயே ஓரளவு பிடிபட்டுவிடும். அவருடைய தம்பி பிரான்சிஸின் ஆர்கன் வேறு மெலட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை இசைக்கும் கீபோர்டு) மாதிரியே முழங்கும்.

அப்புறம் ‘எமில் ஜாக்கொத்தே’ (1975). அதில் கிழக்கு பிரான்ஸ் கிராமத்து முதிய கொல்லர் ஒருவரின் நிஜக் குரலே பதிவாகியிருக்கிறது. நடுவில் வந்த 1973 ஆல்பத்தை பெல்ஜியப் பாடகர் ஜாக் பிரெலின் பாட்டை இவர்கள் பாடியிருப்பதற்காக மட்டுமாவது கேளுங்கள். வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது, இவர்களிடம் பாதி நாடகம் சொல்லில்தான்.