ராகியைக் களத்திலேயே விற்காதீர்கள்

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 15 குடும்பம். மார்கழியில் விற்ற மானாவாரி ராகியையே ஆடியில் கூடுதல் விலைக்கு வாங்குகிறோம். ஊரிலேயே தானிய வங்கி வைத்தால் பூச்சி பிடிக்காதா? (பென்னாகரம் வாசகி)

பதில்: பிடிக்காது, காயவைத்து வைத்தால். ராகி மணி பொடிசு, வண்டு எளிதில் குடையாது. மாவாக்கினால்தான் வண்டும் காறலும். கெடுப்பது ஈரம்; 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ராகியும் இரண்டு ஸ்பூன் வறுத்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் காயவில்லை. ஒட்டாவிட்டாலும் இன்னும் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே உள்ள ஈரம் இந்தச் சோதனையில் தெரியாது. ஆறிய பிறகே மூட்டை கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பூக்கும். மூட்டைகளைப் பலகைமேல், சுவரைவிட்டு ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள்.

பூச்சிமருந்துக் கடையில் ‘மாத்திரை போடுங்க’ என்பார்கள். போடவே போடாதீர்கள்! அந்த அலுமினியம் பாஸ்பைடு விடும் நச்சுவாயு, பக்கத்து அறையில் தூங்கும் பிள்ளையையும் கொல்லும். பொதுமக்களுக்கு விற்கக் கூடாத சரக்கு அது. ஆனாலும் கிடைக்கிறது, கேட்பாரில்லை.

தானிய வங்கியில் குடும்பத்துக்கு 50 கிலோ போட்டால் 750 கிலோ. ஆனியில் 20 கிலோ எடுத்தவர் தையில் 22 கிலோ அளக்கட்டும். சாவி ஒருவரிடம், நோட்டு வேறொருவரிடம்.

மிச்சத்தை அரசு கொள்முதல் நிலையத்தில் போடுங்கள். 2025-26க்கு ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். ‘நகலை மட்டும் குடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்’ என்று வருபவரிடம் ஒரு தாள்கூடக் கொடுக்காதீர்கள். மலிவாக வாங்கிய வேறு ராகியை உங்கள் பெயரில் ஏற்றிவிடுவார். குத்தகைக்கு உழுபவர்தான் பாவம்: தானியம் அவர் களத்தில், காகிதம் நிலக்காரர் பெயரில். இதைத் திருத்த இன்னும் எத்தனை அறுவடை போகவேண்டுமோ!

விதை ராகியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், கடனாகவும் கொடுக்காதீர்கள். பசி மாதத்தில் முதலில் உலைக்குப் போவது அதுதான். தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும் பயிர் என்பதால் சொந்த விதையே போதும். நோயில்லாத, திரண்ட கதிர்களை வயலிலேயே பொறுக்கித் தனியாகத் தட்டுங்கள். நாற்று விட்டு நட்டால் ஏக்கருக்கு 2 கிலோ, நேரடியாக விதைத்தால் 4 முதல் 6 கிலோ. மழை ஏமாற்றினால் மறுவிதைப்புக்கு இன்னொரு பங்கு. தனிப்பானை, சலித்த சாம்பல், வாய்க்குத் துணிக்கட்டு, மேலே ரகத்தின் பெயரும் அறுத்த மாதமும் எழுதிய சீட்டு.