ஜடாயுவின் கூட்டைப் பார்க்க ஆசையா?

கேள்வி: வைத்தீஸ்வரன்கோயில் ஜடாயு குண்டத்துத் திருநீறு பூசி வளர்ந்தவன் நான். நிஜமான பாறு கழுகு முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதைப் பார்க்க வேண்டும். நம் பக்கம் எங்கே பார்க்கலாம் டாக்டர்? கிட்டே போய்ப் படம் எடுக்கலாமா?
— சீர்காழி வாசகர்

பதில்: நம் வயலுக்கு மேலே வட்டமடிப்பது செம்பருந்து, தம்பி. பாறு பார்க்க நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். அதுவும் ஒரு வகையில் நம் ஊர்தான். மாயாறு பவானிசாகரில் விழுந்து, பவானியாகிக் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது.

புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஓய்வுபெற்ற பிறகு, அனுமதி வாங்கிப் போன ஒரு குழுவோடு ஒட்டிக்கொண்டேன். தை மாதம். பளீரென்ற வெள்ளை வேட்டியில் போய் நின்று முதல் நாளே திட்டு வாங்கினேன்.

ஆற்றோரத்து நீர்மருது உச்சியில், சுள்ளி அடுக்கிப் பச்சை இலை பரப்பிய கூடு. வெண்முதுகுப் பாறு. எதிர்க்கரையில் தொலைநோக்கி வைத்துக் காலை முழுக்க உட்கார்ந்தோம். கூட்டின் விளிம்புக்கு மேலே ஒரு தலை மட்டும். முட்டையா, குஞ்சா? அது எழுந்து குனிவதைப் பார்த்தால்தான் தெரியும். பதினொன்றரைக்கு இணை வந்து இறங்கியது. காலில் இரை எதுவும் இல்லையே என்று கேட்டேன். பருந்து மாதிரி தூக்கி வரும் பிடி பாறுக்குக் கிடையாதாம். தொண்டைப் பையில் கொண்டுவந்து கக்கித்தான் ஊட்டும். நாற்பது வருஷம் மாட்டு வைத்தியம் பார்த்தவனுக்கு இது புதுப்பாடம்! வந்தது எதையும் கக்கவில்லை, கூட்டுக்குள் அலகை விட்டு எதையோ மெல்லப் புரட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது. அப்போ முட்டைதான்.

ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய 50 நாள் அடைகாக்கும். நீங்கள் மரத்தடிக்குப் போய்த் தாய் எழுந்து பறந்தால், அந்த முட்டை வெயிலுக்கோ காக்கைக்கோ போகும். அதனால் படம் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மடிநோய், கால்வீக்கம் என்று வந்த மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசியை நானே கணக்கில்லாமல் போட்டிருக்கிறேன். அந்த மருந்தோடு செத்த மாட்டைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும். 2006-ல் கால்நடைக்கு அதைத் தடைசெய்த பிறகுதான் பாறுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்துக்கு மாறினேன். உங்கள் வீட்டில் மாடு இருந்தால், வலி ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேட்டுவிடுங்கள்.