பழைய டிவி வீடியோ கேம் பெட்டிக்கு இன்று ஒருவர் தனியாகப் புதிய கேம் எழுத முடியுமா? யாராவது எழுதியிருக்கிறீர்களா?

முடியும். நான் ஒன்று எழுதியிருக்கிறேன். கேரம் விளையாட்டு. பகலில் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும் உட்கார்ந்து ஒன்றரை வருடம் ஆனது. “தனியாக” என்று கேட்டிருக்கிறீர்கள். நிரலைத் தனியாகத்தான் எழுதினேன். ஆனால் அது கேரமாக மாறியதற்கு ராயபுரத்தில் நாங்கள் ஆடும் மன்றத்துப் பெரியவர் ஒருவர் காரணம். அவரிடம் பிறகு வருகிறேன்.

எந்தப் பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். 1990களில் தண்டையார்பேட்டையில் நாங்கள் “டிவி கேம்” என்று சொன்னதெல்லாம், நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். எங்கள் பெட்டியை நைனா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்தார். கூடவே வந்த கேசட்டின் மேல் 9999999 கேம்கள் என்று அச்சிட்டிருந்தது. ஒரு கோடிக்கு ஒன்றுதான் குறைவு! நானும் தம்பியும் ஒரு கோடை விடுமுறை முழுக்க எண்ணினோம். பத்துகூடத் தேறவில்லை. மற்றவை எல்லாம் அதே கேம்கள், வேறு கட்டத்திலிருந்து தொடங்குபவை.

அந்தப் பெட்டியின் மூளை ஒரு நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்பு துடிக்கும் 8 பிட் செயலி. வேலை நினைவகம் 2 கிலோபைட். தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு 3 பைட் வேண்டும் என்பதால், இந்தப் பதிலின் முதல் இரண்டு பத்திகளுக்கே அது போதாது. கேசட்டில் கூடுதல் சிப் எதுவும் சேர்க்காவிட்டால் நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட். இந்த 40 கிலோபைட்டுக்குள் 2019இல் மைக்ரோ மேஜஸ் என்று நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஒரு கேமையே வெளியிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு இடம் போதவில்லை என்று புலம்ப வெட்கமாக இருந்தது.

கருவிகளுக்குச் செலவில்லை. சி மொழியில் எழுதியதைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்ற சிசி65 தொகுப்பி, கணினியிலேயே ஓட்டிப் பார்க்க மெசன் எமுலேட்டர், இரண்டும் இலவசம். பட்டியல், வெற்றிப் பலகை போன்றவற்றை சியில் எழுதினேன். காய் ஓடும் பகுதி முழுக்க அசெம்பிளி, அதாவது செயலியின் கட்டளைகளையே ஒவ்வொன்றாக எழுதுவது. பிறர் உருவாக்கிய பாத்திரங்களை எடுத்து ரசிகர் கேம் என்று விற்கப் போனால் வம்பு வரும். கேரம் பலகைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

ஆனால் கேரத்தைத் தேர்ந்தெடுத்தது அதற்காக அல்ல. வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றார், அவரும் எங்கள் பகுதிப் பெண். இங்கே மாலையில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு பல்புக்கு அடியில் ஒரு போர்டு இருக்கும். விண்கலத்தையும் நிஞ்ஜாவையும் நான் ஏன் எழுத வேண்டும்?

பெட்டியும் கேரத்துக்கு ஒத்து வந்தது. ஆடுகளம் 74 செண்டிமீட்டர் சதுரம், காய் ஏறக்குறைய 3.1 செண்டிமீட்டர். களத்தை 192 புள்ளி அகலத்தில் வரைந்தால் காய் கச்சிதமாக 8 புள்ளி வருகிறது. இந்தப் பெட்டியில் நகரும் படம் ஒன்றின் அளவு 8க்கு 8 புள்ளி! கணக்குப் போட்ட காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த மகிழ்ச்சி இரண்டு நாள்தான். திரையில் மொத்தம் 64 நகரும் படங்கள் வரலாம், ஆனால் ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் வந்தால் ஒன்பதாவது தெரியாது. கேரத்தில் தொடக்கத்தில் நடுவே 19 காய்கள் மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று என்று வரிசையாக, ஒன்றன் இடுக்கில் ஒன்று நெருங்கி உட்காரும். ஐந்து காய் வரிசையும் நான்கு காய் வரிசையும் ஒரு கோட்டில் உரசும். ஐந்தும் நான்கும் ஒன்பது. ஒரு காயின் விளிம்பு வெட்டுப்பட்டுத் தெரிந்தது. காயை ஒரு புள்ளி சிறிதாக வரைந்தும் பயனில்லை. படத்தில் வெற்று வரி இருந்தாலும் பெட்டி அதையும் சேர்த்தே எண்ணும். கடைசியில் ஒரு சிறு ஏமாற்று வேலை செய்தேன். ஸ்ட்ரைக்கர் வந்து இடிக்கும்வரை நடுக்காய்கள் காய்களே அல்ல. போர்டோடு சேர்ந்த பின்னணி ஓவியம். இடிக்கும் கணத்தில் ஓவியத்தை அழித்துவிட்டு உண்மைக் காய்களை வைக்கிறேன். சிதறும் வேகத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்தது மோதல். ஸ்ட்ரைக்கரோடு சேர்த்து 20 பொருள்கள், அதாவது 190 ஜோடிகள். பெட்டி நொடிக்குப் பலமுறை படத்தைப் புதிதாக வரைகிறது, ஒருமுறை வரைவதைத் திரை என்கிறேன். ஒவ்வொரு திரைக்கும் எது எதோடு மோதுகிறது என்று பார்க்க வேண்டும், நொடிக்கு 60 திரை என்று கணக்குப் போட்டால் கையில் இருப்பது சுமார் 29,780 துடிப்புகள். இந்தச் செயலிக்குப் பெருக்கத் தெரியாது. கூட்டும், கழிக்கும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு இயற்கணிதம் கைகொடுத்தது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி நாலால் வகுத்து, வித்தியாசத்தையும் அப்படியே செய்து கழித்தால் பெருக்கற்பலன் வந்துவிடும். ஏழையும் ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டின் வர்க்கத்தில் கால் பங்கு 36, இரண்டின் வர்க்கத்தில் கால் பங்கு 1, மீதி 35. கால் வர்க்கங்களை முன்பே அட்டவணையாகக் கேசட்டில் எழுதிவைத்தால் பெருக்கல் என்பது இரண்டு முறை பார்த்து ஒரு முறை கழிப்பதாகிவிடுகிறது. பள்ளியில் அந்தச் சூத்திரத்துக்காக முட்டி போட்டவன் நான்.

குறி பார்ப்பதற்கு முழு வட்டத்தை 256 கோணமாகப் பிரித்தேன். நூறு புள்ளி தள்ளியிருக்கும் காயிடம் ஒரு கோணத்துக்கும் அடுத்த கோணத்துக்கும் இரண்டரைப் புள்ளி இடைவெளி விழுந்தது. எட்டுப் புள்ளிக் காயை அதை வைத்துக் கட் அடிக்க, அதாவது ஓரத்தில் தட்டித் திருப்ப, முடியாது. எனவே முன்பக்க அரைவட்டத்துக்கு மட்டும் 256 கோணங்களையும் கொடுத்துவிட்டேன். பின்னால் அடிக்கிறவர்களுக்கு என் கேமில் இடமில்லை.

கேசட் செய்வதுதான் எரிச்சலான பகுதி. பழைய கேசட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் சிப்புகளுக்குப் பதில் நம் நிரல் ஏற்றிய ஈப்ராம் என்ற நினைவகச் சிப்புகளைப் பற்றவைக்க வேண்டும். பழைய பொருள் கடையில் ஐந்து கேசட் வாங்கினேன். நான்கில் கழற்றி எடுக்கும்படி சிப்பே இல்லை, பலகைமேல் கறுப்புப் பிசின் பொட்டு. ஐந்தாவதுதான் உதவியது. நீங்கள் வாங்கினால் கடையிலேயே திருகைக் கழற்றிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பெட்டியையும் கேசட்டையும் மன்றத்துக்கு எடுத்துப்போனேன். பெரியவர் இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் ஆடினார். பிறகு, “தம்பி, காய் எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போகிறது. ஆனால் தண்ணீருக்குள் போகிற மாதிரி போகிறது. இது ஐப்பசி மாதத்துப் போர்டு” என்றார்.

மழைக்காலத்தில் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பலகை ஈரம் குடித்துவிடும், எவ்வளவு பவுடர் போட்டாலும் காய் ஓடாது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். வீட்டுக்கு வந்து எமுலேட்டரில் ஓட்டினேன், காய் பறந்தது. உராய்வு எண்ணை மூன்று வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். குறைத்தால் காய் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருந்தது. அவர் சொன்ன வாக்கியத்தின் முதல் பாதியை நான் சரியாகக் கேட்கவில்லை என்று பிறகுதான் உறைத்தது. காய் போய்ச் சேரும் இடம் சரி. அப்படியானால் உராய்வும் சரி. பிசகியது நேரம்.

எமுலேட்டர் அமெரிக்க முறைப்படி நொடிக்கு 60 திரை காட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர் டிவிக்கான பெட்டி 50 திரை காட்டுகிறது. திரைக்கு ஒருமுறை என்று காயை நகர்த்தியிருந்தேன். எமுலேட்டரில் ஐந்து நொடியில் நிற்கும் காய் மன்றத்தில் ஆறு நொடி எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் இரண்டு திரைகளுக்கு இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, 50 திரைப் பெட்டி என்றால் ஒவ்வொரு ஐந்து திரைக்கும் காயைக் கூடுதலாக ஒருமுறை நகர்த்தும்படி செய்தேன். பதினோரு வரி. அடுத்த ஞாயிறு அவர் முதல் அடியிலேயே தலையாட்டினார். அதற்குப் பிறகு மன்றத்தில் இருந்த உண்மையான போர்டு அரை மணி நேரம் சும்மா கிடந்தது.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் எமுலேட்டரை முதல் நாளே 50 திரைக்கு மாற்றிவையுங்கள். அதோடு, கேம் எழுதத் தெரிந்தவரிடம் காட்டுவதற்கு முன் ஆடத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பெரியவருக்கு இப்போது ஒரு புதுக் குறை. ரெட்டை, அதாவது சிவப்புக் காயை, போட்டுவிட்டு ஃபாலோ தவறினால், அதாவது அடுத்துத் தன் காயைப் போடாமல் விட்டால், ரெட் சட்டென்று நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறதாம். எதிராளி சிரிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டாமா என்கிறார். நிரல் பகுதியில் 41 பைட் மீதி இருக்கிறது. பார்க்க வேண்டும்.