பம்பைக் கூட்டுறதுக்கு முதல் ஹோஸைப் பாருங்கோ

தம்பி, ஜன்னல் கழுவ மூன்றாம் மாடிக்குத் தண்ணிக் கம்பை நீட்டினால் நுனியில இருக்கிற பிரஷ்ஷில தண்ணி சொட்டுச் சொட்டா வருது, பம்பைக் கூட்டினால் அதின்ர வேகத்தைப் பார்க்கிற கன்ட்ரோலர் 'டெட் எண்ட்' (தண்ணி போக வழியில்லை) எண்டு காட்டி நிண்டிடுது, சொந்தக் காசில பெரிய பம்ப் வாங்கவோ எண்டு கேட்டிருந்தீங்கள். வாங்காதேங்கோ. பம்பில பிழை இருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை.

உயரத்தாலதான் அழுத்தம் போகுது எண்டு கனபேர் நினைக்கினம். கணக்குப் பாருங்கோ: 10 மீட்டர் ஏற 1 பார் அழுத்தம் போகும். வான்களில பூட்டுற 12 வோல்ட் பம்புகள் பெரும்பாலும் 100 பி.எஸ்.ஐ., அதாவது கிட்டத்தட்ட 7 பார். மூன்றாம் மாடி அதில ஏழில ஒரு பங்கைத்தான் எடுக்கும். மிச்சத்தை விழுங்கிறது ரீலில சுத்திக் கிடக்கிற ஹோஸ். உள்விட்டம் 6 மில்லிமீட்டர், நீளம் 100 மீட்டர் எண்டால், நிமிசத்துக்கு 2 லீற்றர் ஓடவே 4 பார் அளவில உராய்வில போயிடும். அதே நீளம் 8 மில்லிமீட்டரில 1 பார்தான். 8 மில்லிமீட்டர் ஹோஸ் தூக்கப் பாரம் கூட, பின்னேரம் தோள் சொல்லும். அது வேற கதை.

கன்ட்ரோலருக்குத் தண்ணியைத் தெரியாது. மோட்டர் இழுக்கிற கரண்டைப் பார்த்துத்தான் ஊகிக்குது. நீங்கள் வேகத்தைக் கூட்டக் கூட்ட ஹோஸுக்குள்ள எதிர்ப்பும் கூடும். வால்வைப் பூட்டிட்டீங்கள் எண்டு நினைச்சு அது பம்பை நிப்பாட்டிடும். அதால கூட்டாமல் கொஞ்சம் குறைச்சு விட்டுப் பாருங்கோ, ஓடும். குளிர் காலையில ஹோஸ் விறைச்சு, தண்ணியும் தடிச்சுத்தான் ஓடும். கோடையில செய்த கலிபிரேஷன் (எவ்வளவு எதிர்ப்பு வந்தால் நிக்கோணும் எண்டு கன்ட்ரோலருக்குப் பழக்கிறது) அப்ப சரிவராது, திரும்பச் செய்ய வேணும். கலிபிரேஷன் நம்பரை ஒரேயடியா உயர்த்திவிட்டால், உண்மையா வால்வைப் பூட்டேக்கையும் நிக்காது. எங்கையாவது ஒரு ஃபிட்டிங் கழண்டு அடிக்கும்.

சொட்டுறதுக்குக் காரணம் தேட ஒரு வாளி போதும். பிரஷ்ஷைக் கழட்டி, ட்யூப் நுனியை வாளியில விட்டு ஒரு நிமிசம் பிடியுங்கோ. தாராளமா வந்தால் அடைப்பு பிரஷ்ஷில தண்ணி பீச்சிற ஜெட்டில. வராட்டி கம்பையும் கழட்டி ஹோஸ் நுனியில பிடியுங்கோ. இப்ப நல்லா வந்தால், கம்புக்குள்ள போற ட்யூப் கிளாம்புக்குக் கிட்ட மடிஞ்சிருக்கும். அங்கையும் குறைவெண்டால் பிழை ஹோஸ் பக்கம்தான். ஊத்தையைக் கிளப்பிறது பிரஷ், கழுவி இறக்கிறது தண்ணியின்ர அளவு. பீச்சி அடிச்சால் தெறிப்புத்தான் மிச்சம்.

காய்ஞ்சாப் பிறகு கண்ணாடியில வெள்ளைப் புள்ளி வந்தால் அது இந்தப் பம்பாலை இல்லை, தண்ணியைச் சுத்தமாக்கிற ஆர்.ஓ.வுக்கு வாற குழாய்த் தண்ணியின்ர அழுத்தத்தைப் பாருங்கோ. 40 பி.எஸ்.ஐ.க்குக் கீழ போனால் ஆர்.ஓ.வுக்குள்ள இருக்கிற மெம்பிரேன் (வடிக்கிற சவ்வு) சரியா வடிக்காது, தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகளை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரில எண் ஏறும். முன்னுக்கு இருக்கிற வடிகட்டிக்கு இரண்டு பக்கமும் அழுத்தம் காட்டுற கேஜ் இருந்தால் வித்தியாசத்தைப் பாருங்கோ. கூடினால் வடிகட்டி அடைஞ்சு போச்சு. குளிர்காலத்தில தண்ணி 5 பாகைக்கு இறங்கினால், 25 பாகையில வடியிறதில அரைவாசிதான் வடியும். டாங்கை முதல்நாள் இரவே நிரப்பத் தொடங்குங்கோ.

வான் முதலாளியின்ர, ஹோஸும் அவர்தான் வாங்க வேணும். புதுசா வந்த பெடியள் சாமான் பிழை எண்டு சொன்னால் வேலை போயிடும் எண்டு பயந்து வாய் திறக்கிறேல்லை. வாளியில பிடிச்ச இரண்டு அளவையும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. ஆங்கிலம் குறைவெண்டாலும் அந்த இரண்டு எண்ணும் அவருக்கு விளங்கும்.