காணி உறுதி ஸ்கானும் பிஎன்ஜி சுருக்கமும்: கேள்வி பதில்

காணி உறுதி (உரிமைப் பத்திரம்), காணி பெர்மிட், பழைய குடும்பப் படங்கள் என்று எங்கள் பக்கத்தில் பலர் ஸ்கான் செய்து வைக்கிறார்கள். பிஎன்ஜி என்ற கோப்பு வகையைப் போல், தரம் இழக்காமல் படத்தைச் சுருக்குவது பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். பிரிண்டர் கேள்விகளும் வந்தன, அவற்றை விட்டுவிட்டேன்.

விசுவமடு: கிம்ப் என்ற படத் தொகுப்பு மென்பொருளில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும்போது சுருக்க அளவு 0 முதல் 9 வரை கேட்கிறது. 9 போட்டால் படம் கெடுமா அண்ணை?

கெடாது தம்பி. ஜேபெக்கில் வரும் தர எண் வேறு, இது வேறு. 0 போட்டாலும் 9 போட்டாலும் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சலும்) அப்படியே திரும்பி வரும். மாறுவது கோப்பின் அளவும் சேமிக்க எடுக்கும் நேரமும்தான்.

உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. முதலில் வடிகட்டி: 100, 102, 104, 106 என்று போகும் வரியை 100, 2, 2, 2 என்று வித்தியாசமாக எழுதும். இடப்பக்கப் புள்ளி, மேல் புள்ளி, இரண்டின் சராசரி, பேத் என்பவர் சொன்ன கணிப்பு, ஒன்றுமே செய்யாமல் விடுவது என ஐந்து வகை உண்டு. வரிக்கு வரி மாற்றலாம். அப்புறம் டிஃப்ளேட் என்ற சுருக்க முறை வந்து, முந்தைய 32 கிலோபைட்டுக்குள் இதே துண்டு ஏற்கெனவே வந்ததா என்று தேடும். வந்திருந்தால் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். 9 போட்டால் இன்னும் ஆழமாகத் தேடும், அவ்வளவுதான். ஆப்டிபிஎன்ஜி, ஒக்சிபிஎன்ஜி போன்ற திறந்த மூலக் கருவிகள் வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, மிகச் சின்னதாக வந்ததை வைத்துக்கொள்கின்றன. சொப்ஃப்ளி என்ற கருவியைக் கொண்டு சுருக்கினால் இன்னும் 3 முதல் 8 சதவீதம் குறையலாம், ஆனால் மிக மெதுவானது. கரண்ட் போய் வரும் நாளில் தொடங்காதீர்கள்.

மல்லாவி: உறுதியை ஸ்கான் செய்தால் பிஎன்ஜி ஏன் ஜேபெக்கைவிட இவ்வளவு பெரிதாக வருகிறது?

ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் எடுத்தால் 2480 × 3508 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட். சுருக்காமல் 26 மெகாபைட். வெள்ளைத் தாள் உங்கள் கண்ணுக்கு வெள்ளை. ஸ்கானருக்கு 251, 249, 252, 250. இந்த இரைச்சலில் திரும்ப வருவது எதுவும் இல்லை, அதனால் டிஃப்ளேட் திணறும். ஜேபெக் அதைத் தூக்கி எறிந்துவிடும். பிஎன்ஜிக்கு எறிய அனுமதி இல்லை.

சாம்பல் நிறத்தில் எடுத்தால் 26 மெகாபைட் 8.7 ஆகும். கறுப்பு வெள்ளை மட்டும் என்றால் ஏறக்குறைய 1.1, அதை டிஃப் என்ற வகைக் கோப்பில், குரூப் 4 என்ற இழப்பில்லாத கறுப்பு வெள்ளைச் சுருக்க முறையில் வைத்தால் தட்டச்சுப் பக்கம் மிகச் சின்னதாகிவிடும். ஆனால் சிவப்பு முத்திரையும் நீலக் கையெழுத்தும் உள்ள தாளைக் கறுப்பு வெள்ளையாக்குவதே இழப்புத்தான் அக்கா. உறுதிக்கு அதைச் செய்யாதீர்கள். முதல் ஸ்கானை அழிக்கவும் வேண்டாம்.

முள்ளியவளை: பழைய ஜேபெக்கை பிஎன்ஜியாக மாற்றினால் தெளிவு கூடுமா?

கூடாது. கோப்பு மட்டும் பெருக்கும்.

பூநகரி: பிஎன்ஜியை ஸிப் செய்தால்?

ஸிப்பும் வழக்கமாக டிஃப்ளேட்தான். ஏற்கெனவே பிழிந்தாயிற்று.

புதுக்குடியிருப்பு: வட்ஸ்அப்பில் வந்த ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் எழுத்துத் தெளியுமா?

முள்ளியவளைக்குச் சொன்ன பதில்தான். அனுப்பியவரிடம் டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வவுனியா: ஆயிரம் பக்கம் இருக்கிறது. ஜேபிக்2 என்ற கறுப்பு வெள்ளைச் சுருக்க முறை குரூப் 4ஐ விடவும் சின்னதாக்கும், அதுவும் தரம் இழக்காது என்கிறார்கள். ஏன் அதைச் சொல்லவில்லை?

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஜேபிக்2இல் இழப்பில்லாத முறையும் உண்டு, ஒத்த எழுத்துகளை ஒன்றாகக் கருதி ஒரே உருவை எல்லா இடத்திலும் ஒட்டும் முறையும் உண்டு. 2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், ஸெராக்ஸ் இயந்திரம் ஸ்கான் செய்த ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் வெவ்வேறு பரப்பளவுகளும் 14.13 என்றே வந்திருப்பதைக் காட்டினார். வேறு தாள்களில் 6 இருந்த இடத்தில் 8. மங்கல் இல்லை, கிறுக்கல் இல்லை, கூர்மையான பொய். உங்கள் உறுதியில் 6 பேர்ச் 8 பேர்ச் ஆனால் யார் கண்டுபிடிப்பது?

வவுனியா மீண்டும்: அது அந்த இயந்திரத்தின் பிழை. ஜேபிக்2என்க் என்ற திறந்த மூலக் கருவியில், ஒரே எழுத்து உருவை ஒட்டும் முறையை நாமே கேட்டால்தான் வரும். வழக்கமான முறை இழப்பில்லாதது.

உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரம் பக்கத்துக்கும் அந்தக் கட்டளையை யார் இயக்குவார்? ஸ்கான் கடைத் தம்பி. முந்தைய வேலையில் இருந்த விருப்பத் தெரிவை நீக்க மறந்தால் விளைவைப் பார்த்து அறிய வழியே இல்லை.

மன்னார் (கேட்காமலே): அப்படியென்றால் ஜேபெக்கே மேல். மங்கும், ஆனால் பொய் சொல்லாது.

பாதி சரி. நல்ல தரத்தில் ஒருமுறை சேமித்த ஜேபெக்கை இலக்கம் மாற்றும் ஜேபிக்2க்கு மேலாக நானும் வைப்பேன். ஆனால் திறந்து, வெட்டி, மறுபடி சேமித்து என்று நாலு கை மாறினால் சின்ன எழுத்துச் சிதையும். படத்தைச் சுழற்றித் திருப்புவதற்கு மட்டும் என்றால் ஜேபெக்ட்ரான் என்ற கருவி இருக்கிறது, அது படத்தை மறுபடி குறியாக்கம் செய்யாமல் திருப்பும். இடம்தான் கவலை என்றால் ஜேபெக் எக்ஸ்எல் என்ற புதிய வகை, பழைய ஜேபெக்கை ஏறக்குறைய 20 சதவீதம் சுருக்கி, கேட்கும்போது அதே பைட்டுகளைத் திருப்பித் தரும். வவுனியாவும் மன்னாரும் மிச்சத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

கிளிநொச்சி மாணவி: இப்படியான திறந்த மூலத் திட்டத்துக்கு நான் என்ன செய்யலாம்? நிரல் பெரிதாகத் தெரியாது.

இதுதான் நல்ல கேள்வி தங்கச்சி. சோதனைப் படங்கள் கொடுங்கள். 16 பிட் சாம்பல், ஒரே ஒரு புள்ளி அகலமான படம், பகுதி ஒளிபுகும் படம் போன்ற விநோதங்களில்தான் பிழை ஒளிந்திருக்கும். சுருக்கு, பிரி, இமேஜ்மேஜிக் என்ற கருவியின் கம்பேர் கட்டளையில், வேறுபடும் புள்ளிகளை எண்ணும் ஏஇ அளவையால் ஒப்பிடு, 0 வரவேண்டும். வராவிட்டால் கோப்பையும் பதிப்பு எண்ணையும் கட்டளையையும் சேர்த்துப் பிழை அறிக்கை எழுதுங்கள்.

ஆனால் ஒரு பொறி. முழுதாக ஒளிபுகும் புள்ளிக்கு உள்ளேயும் ஒரு நிறம் எழுதப்பட்டிருக்கும். வெப்பி என்ற பட வகைக்கான கருவி சிவெப்பி, இழப்பில்லாத முறையிலும் அந்த நிறத்தை மாற்றிவிடும். தடுக்க எக்ஸாக்ட் என்ற விருப்பத்தைக் கேட்கவேண்டும். ஒக்சிபிஎன்ஜியில் ஆல்ஃபா விருப்பத்தைக் கேட்டால்தான் மாற்றும். இது பிழையல்ல என்று பராமரிப்பவர்கள் சொல்வார்கள், விளையாட்டுக்குப் படம் செய்பவர்கள் பிழை என்பார்கள். அறிக்கைக்கு முன் ஆவணத்தைப் படியுங்கள்.

துணுக்காய்: பிஎன்ஜியை 70 சதவீதம் குறைக்கும் இணையத்தளம் இருக்கிறதே?

பெரும்பாலும் நிறங்களை 256ஆக வெட்டியிருக்கும். பிஎன்ஜிகுவான்ட் என்ற கருவி செய்வதும் அதுதான். இலச்சினைக்குப் பரவாயில்லை, உறுதிக்கு வேண்டாம். மேலும் உறுதியை ஏன் ஐயா ஊர் பேர் தெரியாத தளத்தில் ஏற்றுகிறீர்கள்?

முல்லைத்தீவு: போனில் எடுத்த ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால்...

இல்லை.